பெரியப்பா செய்துவைத்த சமாதானம்

காலையில் என் முழங்கைக் காயத்தில் நர்ஸ் டிஞ்சர் தடவினார். அந்த நெடி என்னை நாற்பதுகளின் மயிலாப்பூருக்குத் தள்ளிவிட்டது.

என் பெரியப்பா எந்தச் சண்டைக்கும் ஒரு பழமொழி வைத்திருந்தார். வக்கீலிடம் போகுமுன் அவரைக் கூப்பிடுவது எங்கள் தெரு வழக்கம். ஒரு நாள் ஜட்கா ஓட்டும் அண்ணனும் தம்பியும், அப்பன் விட்டுப்போன ஒற்றைக் குதிரைக்காக லாயத்தில் கட்டிப் புரண்டார்கள். தம்பியின் நெற்றி பிளந்து ரத்தம் வழிந்தது. அண்ணன் அவன் குரல்வளையை நெரித்ததில் விழி பிதுங்கியது.

பெரியப்பா, கூடப் போன சின்னப் பிள்ளையான என் கையை விட்டுவிட்டு உள்ளே போய், முட்டாள்களைப் பற்றிய பழமொழி ஒன்றை நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

அண்ணன் தம்பியின் கழுத்திலிருந்து கையை எடுக்காமலே நிமிர்ந்தான். "இன்னா சாமி, என் தம்பிய முட்டாள்ன்றியா?"

முதல் குத்தில் பெரியப்பாவின் முன்பற்கள் போயின. மூச்சு திரும்பிய தம்பி, "எங்கண்ணனையும் சேத்துதான சொன்ன?" என்று சவுக்குக் கட்டையால் அவர் முதுகில் விளாசினான். "ஐயோ, விடுங்கோடா!" என்று அலறினார். அதற்கு அவரிடம் பழமொழி இருக்கவில்லை.

முறைப்படி போலீசுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அண்ணனும் தம்பியும் அந்தக் குதிரையையே பூட்டி, அவரை ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் ஏறிக்கொண்டேன். வழியில் பெரியப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அண்ணன் உள்ளங்கையால் பொத்தினான்.

"வேணாம் சாமி. தம்பி வண்டி ஓட்டிக்கினு கீறான்."