மணலில் மாட்டிய விண்கப்பல்

1. லொறி

தலைமன்னார்ப் பக்கத்தில் கருவாடு காயவைக்கும் வாடி ஒன்றை விட்டு நான் பேசாலையை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். சோளகக் காற்று மணலை அள்ளிக் காலில் அடித்தது. காலில் உப்புப் புண், தோளில் ஒரு பை. வாடி முதலாளி சம்மாட்டியார் காலையில் ஒரு சொல் சொன்னார், நான் பையை எடுத்தேன். அது எனக்குப் புதிதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கட்டுக்கரையில் வயல் வெட்டியிருக்கிறேன், உப்பு வாரியிருக்கிறேன், ஐஸ் உடைத்திருக்கிறேன். ஒரு வேலை முடிந்தால் அடுத்த வேலை இருக்கும் என்று தோன்றும் பக்கம் நடப்பேன். அவ்வளவுதான்.

பேசாலைக்குக் கிட்ட ஒரு சின்ன லொறி பின்சில்லு புதைந்து நின்றது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கையால் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தார். இந்தக் கரையில் படகு ஏற்றும்போது பக்கத்தில் நிற்கிறவன் சும்மா பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. யாருடைய படகு என்று கேட்பதும் இல்லை, ஒரு கை கொடுக்கவேண்டும். லொறிக்கும் அதே முறைதான். பையை வைத்துவிட்டுத் தோளைக் கொடுத்தேன். அசையவில்லை.

“அந்தா, வலை காயப் போடுற ஆக்களைக் கூப்பிடுங்கோவன்,” என்றார்.

“நான் ஆரையும் கூப்பிடுறேல்லை.”

“நல்ல கொள்கை. அப்ப தனியச் சாகுங்கோ.”

பனைமட்டை வெட்டிவந்து சில்லுக்குக் கீழே கொடுத்து, ஒருபடியாகக் கிளப்பினேன். முதுகு விட்டுப்போயிற்று.

“எங்க போறீங்கள் அண்ணை?”

“தெரியாது.”

“ஏறுங்கோ. எனக்கும் நாளைக்கு எங்க போறதெண்டு தெரியாது.”

பெயர் ஜெசிந்தா, பள்ளிமுனை ஆள். தையல் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு புரொஜெக்டர், ஜெனரேற்றர், இரண்டு ஸ்பீக்கர் பொக்ஸ் வாங்கி, ஊர் ஊராகத் திறந்தவெளியில் படம் காட்டுகிறவர். அன்று பின்னேரம் பேசாலையில் கார்ட்டூன் படம். கப்பல் உடைந்து ஆளில்லாத் தீவில் ஒதுங்கிய ஒரு குடும்பத்தின் பழைய கதையை விண்வெளிக்கு மாற்றியிருந்தார்கள். கடலுக்குப் பதில் இருட்டு வானம், தீவுக்குப் பதில் ஒரு சந்திரன். பால்மாடு இருக்கவேண்டிய இடத்தில் இரும்பால் செய்த ஒரு ஆடு. படம் எடுத்தவர்களிடம் அனுமதி வாங்கி, எங்கள் ஊர்த் தமிழில் குரல் பதிந்திருந்தார்.

“இண்டைக்குச் சனத்துக்குப் பிடிச்சால் கோயில் திருநாள் விழாவுக்கு எங்கடை படம். பிடிக்காட்டி ரவுணில இருந்து பாட்டுக் கோஷ்டி. அப்பிடியெண்டால் நான் லொறியைக் குடுத்திட்டுத் திரும்பத் தையல் மெசினில இருக்கவேண்டியதுதான்,” என்றார்.

2. திரை

சோளகத்தில் திரை கட்டுவது பாய் கட்டுவது போல. கம்பம் தாங்காது. திருநாள் விழாவுக்கு எது என்று முடிவுசெய்கிற மீனவர் சங்கத் தலைவர் பர்னபாஸ் அண்ணை வந்து பார்த்துச் சிரித்தார். “பிள்ளை, இது சந்திரனுக்கு முதல் இந்தியாவுக்குப் போயிடும்.” ஒரு பக்கக் கயிற்றைப் பனையில் கட்டச் சொல்லி, மறுபக்கக் கயிற்றை நாலு இளைஞர் கையில் கொடுத்தார். காற்று ஏறினால் விட்டுக்கொடுத்து, இறங்கினால் இழுத்துப் பிடிக்கவேண்டும்.

பொழுது பட்டது. சனம் பாயும் கதிரையுமாக வந்து நிறைந்தது. அப்போதுதான் தெரிந்தது, தமிழ்க் குரல் இருந்த பென் டிரைவ் திறக்கவில்லை. படம் இருக்கிறது, ஆனால் வேற்றுமொழியில் பேசுகிறது. ஜெசிந்தா ஊதிப் பார்த்தார், சட்டையில் துடைத்துப் பார்த்தார், புனித அந்தோனியாரைக் கூப்பிட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

“கத்துவீங்களோ?”

“வாடியில அதுதான் வேலை.”

“பொம்பிளையள், பிள்ளையள், ஆடு எல்லாம் நான். தகப்பன் கப்டன் நீங்கள். தோளில தட்டுவன், காதில சொல்லுவன், அதை மைக்கில சொல்லுங்கோ.”

3. கப்டன்

கப்டன் எப்படிப் பேசுவான் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த அதிகாரக் குரல் வாடிச் சம்மாட்டியாருடையதுதான். தொண்டையைக் கரகரப்பாக்கி, “எடேய், ஆரடா அந்த வால்வெள்ளியை இவ்வளவு கிட்ட விட்டது?” என்று தொடங்கினேன். சனம் விழுந்து சிரித்தது. முன்வரிசையில் ஒருவர், “இது எங்கடை தலைமன்னார்ச் சம்மாட்டியெல்லே!” என்று துள்ளினார். இரும்பு ஆட்டுக்கு ஜெசிந்தா கனைத்த கனைப்பில் ஊர் ஆடுகள் பதில் சொல்லின. பாதிப் படம் திருவிழாவாகவே போயிற்று.

பிறகு அந்த இடம் வந்தது. கப்பல் சந்திரனின் புழுதியில் புதைந்துவிட்டது. குடும்பம் ஒரு சின்னத் தோணியில் ஏறுகிறது. ஜெசிந்தா காதில் சொன்னதை நான் உருக்கமாகச் சொன்னேன்: “கப்பல் கிடக்கட்டும். உயிரோட இருக்கிறமே, அது போதும். வாருங்கோ போவம்.”

சிரிப்பு நின்றது.

“என்னடா, விட்டிட்டுப் போறானோ?” என்றது ஒரு குரல். மீன் வெட்டுகிற ஒரு அக்கா எழும்பியே விட்டார். “டேய் கப்டன்! உன்ர பிள்ளையளை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது அந்தக் கப்பல்தானே! மணலில ஏறினாப்போல விட்டிட்டுப் போறியோ, நன்றி கெட்டவனே!”

எல்லாப் பக்கமும் கூச்சல். பர்னபாஸ் அண்ணை கதிரையை விட்டு எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டினார். ஜெசிந்தா என் காதுக்குக் குனிந்தார். “சரி. அவர் போறார். முடிஞ்சுது,” என்றார்.

அவர் போகவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

“கப்டன், உனக்கு ஆக்கள் இல்லையோ? இவ்வளவு பேர் இருக்கிறம். வாயிருக்கெல்லே, கூப்பிடன்!”

என் வாழ்க்கையில் உதவிக்கு யாரையும் கூப்பிட்டதில்லை. ஆனால் அந்த நேரம் நான் நானில்லை, கப்டன்.

“வாங்கோ!” என்று கத்தினேன். “கப்பல் மாட்டிப்போச்சு! ஒரு கை தாங்கோ!”

ஜெசிந்தா கெட்டிக்காரி. அந்த நொடியிலேயே படத்தை நிறுத்திவிட்டார். புதைந்த கப்பல் திரையில் அசையாமல் நின்றது. ஆம்பிளைகள் பாய்ந்து திரைக் கயிற்றைப் பிடித்தார்கள். இடமில்லாதவர்கள் முன்னே நின்றவனின் இடுப்பைப் பிடித்தார்கள். பர்னபாஸ் அண்ணை படகு இழுக்கிற அம்பாப் பாட்டை எடுத்தார்.

“சந்திரன் மணலில...”

“ஏலோ!”

“சறுக்கின கப்பல்...”

“ஏலோ!”

ஒவ்வொரு இழுவைக்கும் திரை உப்பி விறைத்தது, கப்பல் மூக்கைத் தூக்கித் தூக்கி ஆடியது. சின்னப்பிள்ளைகள், “அசையுது! அசையுது!” என்று குதித்தார்கள். மூன்றாம் அடி பாடி முடியும்போது ஜெசிந்தா படத்தைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டார். முழுக் குடும்பத்தோடும் ஆட்டோடும் கப்பல் நட்சத்திரங்களுக்கு நடுவே பாய் விரித்து ஓடியது. பேசாலை போட்ட சத்தத்தில் ஜெனரேற்றர் ஓடுவதே கேட்கவில்லை.

4. காலை

விடிய, பர்னபாஸ் அண்ணை ஒரு கோர்வை மீனோடு வந்தார்.

“திருநாளுக்கு உங்கடை படம்தான். ஆனா கப்பலை விட்டிட்டுப் போற கதையெண்டால் வராதேங்கோ.”

அவர் போனபின் ஜெசிந்தா பென் டிரைவைக் கையில் உருட்டினார். “இது திறந்தாலும் இனி உதவாது. முடிவு பிழை. கப்டன் நேரில வேணும். வாறீங்களோ?”

“என்ன வேலை?”

“கத்துறது, திரை கட்டுறது, லொறி தள்ளுறது.”

“ஓம்,” என்றேன்.

இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். படம் எந்த நாட்டில் எடுத்ததாகவும் இருக்கட்டும், திரை கட்டுகிற மணலில்தான் அது முடிகிறது. முன்னால் இருக்கிற சனத்தை வெறும் பார்வையாளர் என்று நினைக்காதீர்கள். அவர்களும் உங்கள் ஆட்கள்.

அன்று காலை ஜெசிந்தா லொறியைக் கிளப்பினார். பின்சில்லு உறுமிக்கொண்டு அப்படியே மணலுக்குள் இறங்கியது. யன்னலால் தலை நீட்டி, “கப்டன்!” என்றார்.

இறங்கிப் போய்த் தோளைக் கொடுத்தேன். அசையவில்லை. நிமிர்ந்து கரையைப் பார்த்தேன். ஆட்கள் வலை காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூப்பிட்டேன்.