பட்டை மில் நிற்கும் நாள்

போன வருஷம் ஆடி மாதம், ஆம்பூரில் நடந்தது இது. இன்றைக்கும் நினைப்பு வந்தால் எழுந்து நாலு நடை நடந்துவிட்டுத்தான் உட்கார முடிகிறது. எழுத்து முன்னே பின்னே ஓடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற தொழிற்சாலையில், குமாஸ்தா. சீமைக்குப் போகிற இங்கிலீஷ் கடிதங்கள் எல்லாம் என் கையெழுத்துதான். ஷாப்பை ஒட்டியே எங்களுக்கு வீடு கொடுத்திருந்தார்கள். பின்சுவருக்கு அந்தப் பக்கம் பட்டை மில். தோலைப் பதம் பண்ண ஆவாரம்பட்டை வேண்டும் அல்லவா, அதை ஆயில் எஞ்சின் வைத்து இடித்துத் தூளாக்குகிற கொட்டகை. விடிந்ததும் ஆரம்பித்தால் விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துத்தான் நிற்கும். எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டர் நாள் முழுக்க நடுங்கிக்கொண்டே இருக்கும்.

மில்லில் வேலை செய்கிறவர்கள் வாயைத் திறப்பதே இல்லை. திறந்தாலும் யாருக்குக் கேட்கும்? எல்லாம் கை ஜாடைதான். மூட்டையைத் தூக்கு, பெல்ட்டைப் பார், சோற்றுக்குப் போகலாமா, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாடை. இல்லாத தாடியை ஒருவன் தடவிக் காட்டினால் முதலாளி வருகிறார் என்று அர்த்தம். குடிவந்த கொஞ்ச நாளிலேயே எங்கள் வீட்டிலும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. சாப்பிடக் கூப்பிடுவதுகூடக் கையால்தான்.

எங்களுக்கு ஒரே பெண் குழந்தை. அது பிறந்த அன்றே நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஒரு மாதப் பத்திரிகையில் குழந்தை வளர்ப்பு பற்றி வந்திருந்த கட்டுரையைப் படித்த வேகம் அது. குப்புற விழுந்த நாள், உட்கார்ந்த நாள், முதல் பல், முதல் அடி, எல்லாம் அதில் இருக்கிறது. ஒன்பதாம் மாதத்தில் 'ம்மா, ம்மா என்கிறாள்' என்று எழுதி இரண்டு கோடு போட்டு வைத்திருந்தேன். அதற்குப் பிறகு பேச்சு என்ற தலைப்பில் ஒரு வரிகூட இல்லை.

ஏனென்றால் அடுத்த மாதமே என் மனைவி படுத்துவிட்டாள். விடாத இருமல், சாயங்காலமானால் ஜுரம். வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, குழந்தையை இவளிடம் விடாதே, தட்டு டம்ளர் தனியாக வை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் பின்கட்டு அறையில் தனியாகப் படுத்தாள். பாப்பா வாசற்படி வரைக்கும் தத்தி வந்தால், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, போ போ என்று கையை ஆட்டுவாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். சமையலுக்கும் குழந்தையைப் பார்க்கவும் ஒரு அக்கா வந்தார். தங்கமான மனுஷி. ஆனால் பத்து வருஷம் அந்தப் பட்டை மில்லிலேயே வேலை பார்த்தவர்.

இப்படியே பாப்பாவுக்கு இரண்டு வயசு தாண்டியது. ஓடுகிறாள், ஏறுகிறாள், கதவுத் தாழ்ப்பாளைத் தானே திறக்கிறாள். பேச்சு மட்டும் இல்லை. தண்ணீர் வேண்டுமானால் கட்டை விரலை வாய்க்குக் கொண்டு போவாள். சோறு போதும் என்றால் உள்ளங்கையைக் கவிழ்ப்பாள். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. காது கேட்கவில்லையோ என்று சந்தேகம் வந்தது. உடனே சோதனையில் இறங்கிவிட்டேன். பித்தளைத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு, ஐந்தடி தள்ளி ஒரு தட்டு, மூன்றடி தள்ளி ஒரு தட்டு, காதுக்குப் பின்னாலேயே ஒரு தட்டு. அவள் பாட்டுக்குப் புளியங்கொட்டையை அடுக்கிக்கொண்டிருந்தாள். பதினெட்டு தடவை தட்டி, பதினெட்டுக்கும் 'இல்லை' என்று நோட்டில் எழுதினேன். அவள் ஜாடை காட்டியதையெல்லாம் செவிடு என்பதற்கு அத்தாட்சி என்று வரிசையாகக் குறித்தேன்.

இதை வெளியில் ஒருவரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. "என்னாலதான இப்படி ஆச்சு" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். டாக்டர் அம்மாவிடம் மட்டும் நோட்டைக் காட்டினேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு, அடுத்த வாரம் குழந்தையையும் கொண்டுவா, காதைப் பார்க்கலாம் என்றார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் முதலாளி முஸ்லிம். அதனால் ஷாப்புக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. மில்லும் அன்றைக்கு நிற்கும். எனக்குக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான் என்பதால், முதல் ரயிலுக்கே மனைவியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். காட்பாடியில் இறங்கி, ஜட்கா பிடித்து, பாலாற்றைத் தாண்டி வேலூர். பாப்பாவைப் பக்கத்துத் தெருவில் ஒரு பாயம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போவோம். இத்தனைக்கும் எங்களுக்கு அவர்கள் உறவா, பழக்கமா? தண்ணீர்க் குழாயடியில் என் மனைவி இருமுவதைப் பார்த்துவிட்டு, அவர்களாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் திரும்பும்போது குழந்தை தூங்கிப்போயிருக்கும். "தூங்கிட்டா தம்பி, மெதுவா தூக்கினு போ" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வரும். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை மனைவியைத் தெருமுனையில், ஸ்டேஷனுக்குப் போகிற ஜட்காவில் உட்கார வைத்துவிட்டு, இன்றைக்குக் குழந்தையை விடப்போவதில்லை என்று சொல்வதற்காகப் பாயம்மா வீட்டு வாசலுக்குப் போனேன். பாப்பா என் தோளில், தெருவைப் பார்த்தபடி. பையில் நோட்டு, பித்தளைத் தட்டு, கரண்டி. டாக்டர் அம்மாவுக்குச் சோதனையைச் செய்து காட்டத்தான்.

திரை அசைந்தது. "ஆ, பேட்டி" என்று, வா மகளே என்று அவர்கள் பாஷையில், உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். சத்தமாகக்கூட இல்லை, புறாவைக் கூப்பிடுகிற மாதிரி.

என் தோளில் இருந்த தலை திரும்பியது.

தற்செயல் என்று நினைத்தேன். நான் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டு, அதாவது பாப்பாவின் முகம் திரைப் பக்கம் போய்விட்டது என்பதைக்கூட யோசிக்காமல், "இன்னொரு தடவை கூப்பிடுங்க" என்றேன். சோதனையில் தப்பு. மறுபடி திரும்பினேன். மறுபடி கூப்பிடச் சொன்னேன். பாயம்மாவுக்கு நான் பித்துப் பிடித்தவன் மாதிரி தெரிந்திருக்க வேண்டும்.

"இன்னா தம்பி, சுத்தி சுத்தி வர்றே? உள்ள அனுப்பு அவள."

அந்தக் குரலுக்கும் அவள் திரும்பினாள். திரும்பியது மட்டுமா? இரண்டு கையையும் திரைப் பக்கம் நீட்டி, "பானி" என்றாள். பிறகு, நான் காதில் வாங்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பித் தெளிவாக, "பானி தே."

தண்ணீர் கொடு என்கிறாள் என் மகள். உருதுவில்!

"இவ பேசறாளா?" என்று கேட்டேன்.

"இன்னா கேள்வி இது? ரெண்டு மாசமா பானி தே, ரொட்டி தேன்னு என்ன பேஜார் பண்றா. ஏன், ஊட்ல பேசறதில்லியா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் தெரு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று உறைத்தது. தூரத்தில் ஒரு ஆடு கத்துகிறது, யாரோ வாசல் தெளிக்கிறார்கள். எஞ்சின் ஓடவில்லை. நான் பித்தளைத் தட்டைத் தட்டிய பதினெட்டு தடவையும் அது ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலிலேயே பிறந்து வளர்ந்தவள் ஒரு தட்டுக்காகவா திரும்பிப் பார்ப்பாள்? பேசாத வீட்டில் அவள் பேசாமல் இருந்தாள். எங்கள் வீட்டு பாஷை ஜாடை, அதைச் சுத்தமாகக் கற்றுக்கொண்டாள். பாயம்மா வீட்டு பாஷை பேச்சு, அதையும் கற்றுக்கொண்டாள். மக்காக இருந்தது நோட்டு எழுதினவன்தான்.

தண்ணீர் குடித்த வாயோடு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஜட்காக்காரர், ரயிலுக்கு நேரமாச்சு என்று சத்தம் போட்டார். நான் வண்டிக்குப் பத்தடி முன்னாலேயே நின்று, பாப்பாவின் முகத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டு, "கூப்பிடு" என்றேன் மனைவியிடம். அவள் வழக்கம்போல முந்தானையை வாய்க்குக் கொண்டுபோய், வேண்டாம் என்று கையை ஆட்டினாள். "மூடிக்கிட்டே கூப்பிடு. ஒரு தடவை" என்றேன்.

முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். பிறகு துணிக்குள்ளிருந்து, "கண்ணு" என்றாள். இருமலில் தேய்ந்துபோன குரல்.

பாப்பா திரும்பினாள். ஒரு வருஷத்துக்கு மேலாகக் கேட்காத குரல் யாருடையது என்று தேடுகிறவள் மாதிரி ஜட்காவை, குதிரையை, ஜட்காக்காரரை எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் அம்மாவிடம் வந்து நின்றாள். என் மனைவி சிரித்தாளா, அழுதாளா, இருமினாளா, மூன்றும் சேர்ந்துதான் வந்தது. ஜட்காக்காரர் அதற்கு மேல் ரயிலைப் பற்றிப் பேசவில்லை. ரயிலும் போய்விட்டது. அடுத்த வண்டியில்தான் போனோம்.

டாக்டர் அம்மா பாப்பாவின் காதைப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றார். எஞ்சின் கதையைக் கேட்டுச் சிரித்தார். பிறகு நன்றாகத் திட்டினார். கிட்டே விடாதே என்றுதான் சொன்னேன், பேசாதே என்றா சொன்னேன் என்று கேட்டார். வெளி முற்றத்தில், காற்றோட்டமாக, தள்ளி உட்கார்ந்து தினமும் பேசச் சொன்னார். என் மனைவிக்கு ஜுரம் அன்றைக்கே நின்றுவிடவில்லை. இன்னும் வேலூர் போய்வந்துகொண்டுதான் இருக்கிறோம். ஆனால் ஒரு வாரத்துக்குள் ஊரின் அந்தக் கோடியில், மில் சத்தம் எட்டாத ஒரு வீட்டுக்குக் குடிபோனோம். அங்கே முற்றத்தின் இந்த ஓரத்தில் அம்மாவும் அந்த ஓரத்தில் மகளுமாக உட்கார்ந்து, பாதித் தமிழும் பாதி உருதுவுமாக நாள் முழுக்க வாயடிக்கிறார்கள். அம்மாவுக்கு இப்போது இரண்டு கவளம் ஜாஸ்தி இறங்குகிறது. வெள்ளிக்கிழமை காலை பாயம்மா வீட்டுக்குப் போவதும் நிற்கவில்லை. போகாவிட்டால் பாப்பா விடமாட்டாள்.

நோட்டில் பேச்சு என்ற தலைப்பின் கீழ் 'பானி' என்று எழுதி, இடம் இருந்த மட்டும் கோடு போட்டேன். இன்றைக்கும் யாரையாவது எதையாவது சோதித்து முடிவு கட்டிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும்போதெல்லாம், முதலில் எஞ்சின் நின்றிருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.