மாதிரித் தட்டு

ஜெயிலுக்குப் போய் வந்தவனைக் கண்டால் எங்கள் ராயபுரத்தில், "களி எப்டிப்பா இருந்துச்சு?" என்று நக்கலடிப்பார்கள். என்னிடம் கேட்டவனை நான் அடிக்கப் போயிருக்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில், துறைமுக வாசலில் மறியல் செய்ததற்காக எங்களை உள்ளே தள்ளினார்கள். மூட்டை தூக்குகிற உடம்பு என்று எனக்குச் சமையல்கட்டில் வேலை. வெள்ளைக்காரன் கட்டிய அடுப்புகள். அவன் போன பிறகும் அவன் வைத்த வழக்கங்கள் போகவில்லை. அதில் ஒன்று மாதிரித் தட்டு. கைதிகளின் சாப்பாட்டை முதலில் ஜெயிலர் ருசி பார்த்து, நோட்டில் 'நன்று' என்று எழுத வேண்டும். அதற்கென்றே ஒரு சின்னப் பானையில் பொறுக்கிய அரிசி, கெட்டிப் பருப்பு. எங்களுக்கு அண்டாவில் புழுவரிசியும் மஞ்சள் தண்ணீரும். அயோக்கியத்தனத்துக்குத் தனி அடுப்பு!

என்னோடு பிடிபட்ட எண்ணூர்க்காரன் ஒருவன் வயிற்றுக்கடுப்பில் ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தான். ரத்தமாகப் போகிறது என்றார்கள். ஒரே கேங்கில் சுமை தூக்கியவர்கள் நாங்கள். இந்தச் சோறே அவனைக் கொன்றுவிடும் என்று பயந்தேன். ஜெயிலர் வாயில் ஒரு புழுவாவது போனால்தான் இவர்களுக்கு உறைக்கும் என்று பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னப் பானையை அண்டாவில் கவிழ்த்துக் கலக்கிவிட்டு, அண்டாச் சோற்றையே தட்டில் வைத்து நானே கொண்டு போனேன். ஜெயிலர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தட்டைத் தொடாமலே 'நன்று' என்று எழுதி, என்னைப் போகச் சொன்னார். வாசலில் நின்ற வார்டர் தட்டை வாங்கிக்கொண்டார். எனக்கு ரத்தம் கொதித்தது.

ஞாயிறு சாயங்காலம் மட்டும் வார்டுக்குள் விடுவார்கள். எண்ணூர்க்காரன் சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தான்.

"நாலு நாளா தேறிகினு வந்தேன் மாமு," என்றான். "ஜெயிலரு துன்றதே இல்லியாம். அந்த வார்டரு நல்ல மனுசன், தட்ட அப்டியே எனுக்குக் குடுத்துகினு இருந்தாரு. இன்னிக்கு எவனோ பாவி அதுலயும் புழுவப் போட்டுக்கீறான். பசி தாங்காம துன்ட்டேன். மறுபடியும் ரத்தமா போவுது. எவன் மாமு அவன்?"

அவனோடு சேர்ந்து நானும் அந்தப் பாவியைத் திட்டினேன், வாயில் வந்த எல்லா வசவும் சொல்லி. மறுநாள் விடிந்ததும் ஜெயிலர் தட்டுக்கான அரிசியை முறத்தில் கொட்டி, நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.