ஒன்பது புள்ளி நாலு

பழைய கப்பல்களின் தகட்டில் இன்னும் எவ்வளவு இரும்பு மிச்சம் இருக்கிறது என்று அளப்பதுதான் அப்போது என் வேலை. திருத்தணியிலிருந்து காலை ரயிலில் சென்னைத் துறைமுகத்துக்குப் போவேன். துருவைச் சுரண்டி, பசை தடவி, கருவியின் முனையை வைத்தால் தகட்டின் கனம் எண்ணாகத் தெரியும்.

அந்தக் கப்பலுக்கு வயது இருபத்தெட்டு. கட்டும்போது போட்டது பதினாலு மில்லிமீட்டர் தகடு. துரு தின்னக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். பத்தரைக்குக் கீழே போனால் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்தாக வேண்டும். இடதுபக்கத் தண்ணீர்த் தொட்டியின் அடியில் கருவி ஒன்பது புள்ளி நாலு காட்டியது. மறுபடி வைத்தேன். அதே எண்.

மேலே நின்ற சூப்பர்வைசர், "ரெண்டு அடி தள்ளி வெச்சுப் பாருப்பா" என்றார். தள்ளி வைத்தேன். பத்து புள்ளி எட்டு.

"ஆங், அத்தயே எழுது."

முதல் இடத்தின் கட்டத்தில் அந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதுவும் அதே கப்பலின் தகடுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் ஆயிலர் வேலை பார்க்கும் என் அக்காவின் கணவர் பை அடுக்கிக்கொண்டிருந்தார். எந்தக் கப்பல் என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். நான் கையெழுத்துப் போட்ட அதே கப்பல்.

"பாவா, அது வேணாம். அடித்தகடு தேஞ்சுபோயிருக்கு."

"சர்ட்டிபிகேட் குடுத்துட்டாங்களே மச்சான்?"

"நான்தான் அளவ மாத்தி எழுதிட்டேன்."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். பாவா என்னையே பார்த்தார். "எட்டு மாசமா ஊட்ல குந்திகினு இருக்கேன். இத்த உட்டா எவன் கூப்புடுவான்?" பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

பின்னாலேயே ஓடினேன். பிளாட்பாரத்தில் மொட்டைத் தலையும் சந்தனமுமாகக் கூட்டம். அவர் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு வண்டி ஏறினார்.

மறுநாள் கப்பல் கிளம்புகிறது. சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன், துண்டித்துவிட்டார். சான்று கொடுத்த சர்வேயருக்கு நாலு முறை அடித்தேன். எடுக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, அழுகிறேன் என்பதுகூடத் தெரியாமல் ஐந்தாவது முறை அடித்தேன். எடுத்தார்.

"சார், இடதுபக்கத் தொட்டி அளவு பொய். நான்தான் எழுதினேன்."

"எழுதிக் குடுப்பியா?"

"குடுக்கிறேங்க."

கப்பலை நிறுத்தினார்கள். திரும்ப அளக்கையில் ஓரிடத்தில் சுத்தியல் தட்டியதும் தகடு உள்வாங்கிவிட்டதாம். என் வேலை போயிற்று. பாவா மூன்றாம் நாள் பையோடு வந்து, வாசலில் நின்ற என்னைத் தாண்டி உள்ளே போனார்.

"இத்த அன்னிக்கே சொல்றதுக்கு உனுக்கு வாய் இல்லியாடா?" என்றாள் அக்கா.

இப்போது பாவா வேறொரு கப்பலில் இருக்கிறார். அதற்கு எத்தனை வயது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.