வெறும் வானத்தைப் படம் எடுத்தவர்

சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் எனக்குத் தொண்டையில் சோறு இறங்காது. பிறவிக் குணம், என்ன செய்ய? தராசில் விழுகிற கத்தரிக்காயிலிருந்து கட்டிக்கொண்ட புருஷன் வரைக்கும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தால்தான் நிம்மதி. அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் முழுக்க என் வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்தேன். அதற்குக் காரணம் பருந்து.

அவருக்குக் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பக்கத்தில் போட்டோ ஸ்டூடியோ. வீடு செம்மண்டலத்தில். வாரம் முழுக்கக் கல்யாண ஜோடி, பாஸ்போர்ட் முகம், மொட்டையடித்த குழந்தை என்று எடுத்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பருந்து எடுக்கக் கிளம்பிவிடுவார். அதுவும் பறக்கிற பருந்துதான் வேண்டும். "ஒக்காந்திருக்கறத எடுக்க அது என்னா பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையா?" என்பார். பினாங்கில் கடை வைத்திருந்த என் நானா, அதாவது என் அண்ணன், ஊருக்கு வந்தபோது ஒரு நீள லென்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். பறவை போகிற வேகத்திலேயே கேமராவையும் திருப்பிக்கொண்டு போய், நிறுத்தாமல், போகிற போக்கில் பட்டனை அழுத்த வேண்டுமாம். கை நின்றால் படம் கலங்கிவிடுமாம். இதற்காக வாசலில் நின்று இடுப்பை அப்படியும் இப்படியும் திருப்பிப் பழகுவார். தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். எனக்கு மானம் போகும்.

ஆனால் படம் நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். வெள்ளைத் தலையும் விரித்த இறக்கையுமாக ஒரு கருடன் படத்தைப் பெரிசு பண்ணி ஸ்டூடியோ முகப்பில் மாட்டியிருந்தார். கருடன் பெருமாளுக்கு வாகனம் அல்லவா? வானத்தில் அதைக் கண்டால் இந்துக்கள் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எங்கள் கடைக்குப் படம் எடுக்க வந்தவர்கள் அந்தப் போட்டோவுக்கு முன்னாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "பாய் கடையில பெருமாள் சேவை ஆயிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வருவார்கள்.

என் உம்மாவுக்கு மட்டும் அது ஆகவே ஆகாது. உயிர் உள்ளதன் உருவத்தைப் பிடித்து வைத்தால் மலக்குமார்கள், வானவர்கள், அந்த இடத்தை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி. "நாளைக்கு மறுமையில அந்தப் பருந்துக்கு உசிரு குடுன்னு அல்லா கேப்பான். ஒன் மாப்பிள்ளை என்னாடி செய்வாரு?" என்று என்னைப் பிடித்துக்கொள்வார்.

அந்த வருஷம்தான் எல்லாம் மாறியது. அதுவரை ஞாயிற்றுக்கிழமை என்றால் கடலூர் துறைமுகத்துக்குத்தான் போவார். மீன் ஏலம் போடுகிற இடத்தில் பருந்து கொசு மாதிரி மொய்க்கும். திடீரென்று சிதம்பரம் என்று ஆரம்பித்தார். சிதம்பரம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துக் கிள்ளைப் பக்கத்து உப்பங்கழிக்குப் போகிறாராம். கையில் இருக்கிற பருந்தை விட்டுவிட்டு ஊர் விட்டு ஊர் போவானேன்? அதிலும் கிளம்பும்போது சலவைச் சட்டை, காதுக்குப் பின்னால் அத்தர்.

"பருந்துக்கு எதுக்கு மச்சான் அத்தரு?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். எங்கள் வழக்கத்தில் புருஷனை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம்.

"பஸ்ல கூட்டம் ஜாஸ்தி. வேர்வை நாத்தம்."

"கருடந்தான் வேணும்னா திருவந்திபுரத்துல இல்லியா? கோயிலுக்கு மேலயே சுத்துது, நானே பார்த்திருக்கேன்."

"அது வேற வெளிச்சம்" என்றார்.

வெளிச்சமாம். இதெல்லாம் எந்த ஊர் நியாயம்? அதோடு இன்னொன்றும் நடந்தது. என்னோடு பேசும்போது அவர் என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ ஒரு பார்வை, இல்லையென்றால் தோளுக்கு மேலே. குற்றம் உள்ளவன்தான் முகத்தைப் பார்க்க மாட்டான், இது எனக்குத் தெரியாதா? கடையில் நெகடிவுக்குப் பென்சில் வைத்துச் சரி பண்ணுகிற வேலையைக்கூட, யாரையும் தொட விடாதவர், சம்பளக்காரரிடம் தள்ளிவிட்டார். மனசு எங்கேயோ இருக்கிறது என்று முடிவு கட்டினேன். என் வாழ்க்கையில் வேறொருத்தி மண் அள்ளிப் போடுகிறாள், அவள் சிதம்பரத்தில் இருக்கிறாள். அடுப்பு முன்னால் உட்கார்ந்தால் அவள் முகம்கூடத் தெரிய ஆரம்பித்தது. எனக்குப் பிள்ளை இல்லாத வீடு அது. இவர் ஒருத்தர்தான் என் சொத்து.

எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். நீளக் குழாய் வைத்த கேமராவோடு ஒரு பாய் வாரா வாரம் கடற்கரைப் பக்கம் போகிறார், வானத்தையே பார்க்கிறார் என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்துவிட்டார். எடுத்த படத்தையெல்லாம் காட்டச் சொன்னார். நான் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு உள்ளங்கையைக் கடித்துக்கொண்டிருந்தேன். சிதம்பரம் போக ஆரம்பித்த பிறகு எடுத்த படம் ஒன்றைக்கூட அவர் என்னிடம் காட்டியதில்லை. உறையைத் திறந்து மேசையில் பரப்பினார்.

வானம். அடுத்ததும் வானம். ஒன்றில் மூலையில் கொஞ்சம் மேகம். ஒன்றில் ஒரு தென்னங்கீற்றின் நுனி. பருந்து இல்லை, காக்காய்கூட இல்லை.

"என்னா பாய் இது? பறவை எங்க?" என்றார் போலீஸ்காரர்.

"பறந்துடுச்சுங்க சார்" என்றார் இவர்.

போலீஸ்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இப்படி ஒரு ஆளை எவனாவது உளவுக்கு வைப்பானா என்று தோன்றியிருக்க வேண்டும். நான் கொடுத்தனுப்பிய டீயைக் குடித்துவிட்டு, "பிலிமை வீணாக்காதீங்க" என்று புத்தி சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருடைய சந்தேகம் தீர்ந்தது. என்னுடையது அங்கேதான் பற்றி எரிய ஆரம்பித்தது. கருடனை இறகு இறகாக எடுத்த மனுஷன், வாரா வாரம் போய் வெறும் வானத்தை எடுத்துக்கொண்டு வருகிறார் என்றால், அங்கே கேமராவுக்கு வேலை இல்லை என்றுதானே அர்த்தம்? கேட்டால் காட்டுவதற்காக நாலு தடவை மேலே பார்த்து அழுத்திவிட்டு வருகிறார்.

உம்மாவிடம் சொன்னேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? கையைத் தூக்கி துஆ கேட்டார். "அல்ஹம்துலில்லா! உருவம் எடுக்கறத விட்டுட்டாருடி. வெறும் ஆகாசத்தத்தான் எடுக்கறாரு, பார்த்தியா? அல்லா நல்ல புத்தியக் குடுத்துட்டான்." அன்றைக்கே சர்க்கரைப் பொங்கல் மாதிரி ஒரு இனிப்புச் சோறு ஆக்கிப் பாத்திஹா ஓதிப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டார். மாப்பிள்ளை திருந்தியதற்கு. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சட்டியைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பேன். ஒருத்தி குடி மூழ்கப்போகிறது, இன்னொருத்தர் இனிப்புச் சோறு பங்கு வைக்கிறார்.

அடுத்த ஞாயிறு அவர் எழுந்தபோது நான் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வாசலில் தயாராக நின்றேன்.

"எங்க?"

"சிதம்பரம்."

"ஒனக்கு அங்க என்னா வேல?"

"ஒங்களுக்கு என்னா வேலையோ அதே வேலதான். நானும் வானத்தப் பாக்கறேன்."

 அவர் குனிந்து செருப்பைத் தேடினார். வழியெல்லாம் பஸ்ஸில் ஏறிய ஒவ்வொரு பெண்ணையும் நான் கணக்கெடுத்தேன். யாராவது இவரைப் பார்த்துச் சிரிக்கிறாளா, இவர் யாரையாவது பார்த்துக் கண்ணைத் தாழ்த்துகிறாரா என்று. சிதம்பரத்தில் இறங்கி மறுபஸ் மாறியபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவில் கை பிடிக்கிறவர் இல்லை. ஆகா, குழைகிறார் என்று நினைத்தேன்.

கிள்ளையில் இறங்கி நடந்தால் தோணித் துறை. அக்கரைக் குப்பத்துக்குப் போகிற பெண்கள் கூடையோடு காத்திருந்தார்கள். ஓரமாக ஒருத்தி பனங்கிழங்கு அவித்து விற்றுக்கொண்டிருந்தாள். நல்ல உயரம், களையான முகம், மூக்கில் சிவப்புக்கல். இவரைக் கண்டதும் அவள் முகமெல்லாம் பல்.

"வாங்க பாய்! போன வாரம் ஆளக் காணோமே?"

எனக்குக் குப்பென்று ஏறியது. இவளா?

"ஒடம்பு சரியில்ல" என்றார் இவர், என்னமோ அக்காள் தங்கையிடம் சொல்கிற மாதிரி. போன ஞாயிறு கடையில் வேலை என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்.

"இன்னும் வரல பாய். நீங்க பாட்டுக்கு ஒக்காருங்க. வந்தா நான் சொல்ல மாட்டனா?"

யார் வரவில்லை? எவள் வர வேண்டும்? இவள் வெறும் தூதுதானா?  வரட்டும், இன்றைக்குத் துறையே பார்க்கட்டும், முடியைப் பிடித்து உலுக்கிவிட்டுத்தான் பஸ் ஏறுவது என்று துப்பட்டியை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் போனது. பேசிக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று அடங்கினார்கள். கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், எல்லாரும் கிழக்கே பார்த்து. நானும் பார்த்தேன். சுரபுன்னைக் காட்டுக்கு மேலே கருடன். அவ்வளவு கிட்டத்தில் நான் கண்டதே இல்லை. வெள்ளை நெஞ்சு, இறக்கையில் வெயில் புகுந்து செங்கல் நிறம். அசையாமல் மிதந்து எங்கள் தலைக்கு நேரே வந்தது. வந்த காரியம் மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

திரும்பி அவரைப் பார்த்தேன். கேமராவைக் கண்ணில் வைத்திருந்தார். வாசலில் பழகுவாரே, அதே மாதிரி இடுப்பை அழகாகத் திருப்பிக்கொண்டு பட்டனை அழுத்தினார். வடக்கே பார்த்து. அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை.

"பாய், அங்க இல்ல! சோத்துக்கைப் பக்கம், சோத்துக்கைப் பக்கம்!" என்று கிழங்குக்காரி கத்தினாள். இவர் பதறித் திரும்பினார். அதற்குள் கருடன் அக்கரைக்குப் போய்விட்டது. போன பிறகு, அது இருந்த இடத்தை எடுத்தார்.

"நீ எதுக்குடி சொல்ற? அவருக்குக் கண்ணு இல்லியா?" என்று அவள்மேல் பாய்ந்தேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "என்னாம்மா இப்பிடிக் கேக்கறீங்க? பாய்க்குக் கண்ணு நடுவுல இருட்டாயிடுச்சாமே. ஓரத்துலதான் மசமசன்னு தெரியுமாம். நாங்க எந்தப் பக்கம் பார்த்துக் கன்னத்துல போட்டுக்கறமோ அத வெச்சுத்தானே அவரு மிசினத் திருப்புவாரு. நீங்க சம்சாரந்தானே, ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. கிள்ளைத் துறையில் மீன் கூடை சுமக்கிறவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே ஒரு பெண் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! திட்டியிருப்பேன், மயிரைப் பிடித்து இழுத்திருப்பேன், ஜமாத்தில் வைத்துப் பேசி ஆளை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்திருப்பேன். இப்போது யார் முடியைப் பிடிப்பது?

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கடைக்குச் சாமான் வாங்க மெட்ராஸ் போனப்ப கண்ணக் காமிச்சேன்" என்றார். "ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. மொதல்ல பருந்து போச்சு. அப்புறம் நெகடிவ். அப்புறம் ஒன் மூஞ்சி."

"கடலூர்லயே எடுத்துத் தொலைச்சிருக்கலாமே. இவ்ளோ தூரம் வந்து இவளுங்ககிட்ட..."

"தொறைமொகத்துல பருந்த எவன் கும்புடறான்? திருவந்திபுரத்துல கும்புடுவாங்க, ஆனா அங்க எல்லாம் நம்ம கஸ்டமரு. கண்ணு போன போட்டோக்காரன்கிட்ட எவன் வந்து ஒக்காருவான்? ஒரே ஒரு தடவ பருந்து மாட்டிடுச்சுன்னா இன்னும் கொஞ்ச நாளு தொழிலு ஓடும்னு ஒரு நப்பாசை. அவ்ளோதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

தண்ணீர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ சண்ட போட்டுக்கிட்டிருந்த. அத்தரு எதுக்கு, சட்ட எதுக்குன்னு. இன்னொருத்தி பின்னாடி போற அளவுக்கு நான் இருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருந்த. சொல்லியிருந்தா மறுநாளே பாவம்னு கையப் புடிச்சு நடத்திக்கிட்டுப் போவ. இருக்கற வரைக்கும் இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

எழுந்து துப்பட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன். 

திரும்பும்போது பஸ்ஸில் அவரை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். இல்லை, அவரேதான் உட்கார்ந்தார், நான் கையைப் பிடிக்கவில்லை. பிடிக்கக் கூடாது என்று துப்பட்டியின் முனையை முறுக்கி முறுக்கி வைத்துக்கொண்டேன். பஸ் பரங்கிப்பேட்டை ரோட்டைத் தாண்டியது. அவர் முகம் செத்துப் போயிருந்தது. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"அந்தக் கெழங்குக்காரிக்கு என்னா வயசு இருக்கும்?" என்றேன், வெடுக்கென்று.

அவர் திடுக்கிட்டார். "எனக்கென்னா தெரியும்? அவ மூஞ்சிய நான் பார்த்ததே இல்லியே."

"அப்ப கொரல வெச்சே மயங்கியாச்சாக்கும்? பாய், பாய்ன்னு என்னா கொழையறா! ஒடம்பு சரியில்லன்னு அவகிட்டச் சொல்லுவீங்க, கட்டிக்கிட்டவ எங்க போனா?"

 அவர் சிரித்தார் பாருங்கள், முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. "ஏ புள்ள, மெதுவா, எல்லாரும் பாக்கறாங்க" என்றார்.

"பாக்கட்டும்! ஒங்க வண்டவாளம் ஊருக்கே தெரியட்டும்!"

துப்பட்டிக்குள் என் கண் இரண்டும் வழிந்துகொண்டிருந்தது. அவருக்கு அது தெரிய வழியில்லை, குரல் உடையாமல் மட்டும் பார்த்துக்கொண்டேன். மூக்குத்தியைப் பற்றிக் கேட்டேன், போன வாரத்தைப் பற்றிக் கேட்டேன், வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். கடலூர் வந்து இறங்குகிற வரைக்கும் அவரை நான் விடவில்லை.