வேப்பிலை கட்டிய பதினாறு வாசல்கள்

தேவசகாயம் போய்விட்டார் என்று ராயபுரத்திலுள்ள அவருடைய அண்ணன் மளிகைக் கடையிலிருந்து ஓர் ஆள் வந்து சொன்னபோது, நான் கேட்ட முதல் கேள்வி, "உன்னை யார் அனுப்பினது?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "நீ நேரில் பார்த்தாயா?" வந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு சைக்கிளைத் திருப்பினார். உள்ளேயிருந்து என் மனைவி, "சாவு சேதியிலகூடவா துப்பு துலக்குவே?" என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்குக் கண் கலங்கியது.

நகரசபையில், அம்மை வராமலிருக்கக் கையில் கீறி அம்மைப்பால் வைக்கும் உத்தியோகம் பார்த்த தேவசகாயத்தைத் திருவொற்றியூரில் அறியாதவர்கள் குறைவு. அவரைக் கண்டதும் கதவைச் சாத்தாதவர்கள் அதைவிடக் குறைவு. சாத்துகிற கட்சிக்கு எங்கள் சந்தில் நான்தான் தலைவன். தீப்பெட்டித் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவன் நான். எட்டாவது வரை படித்தவன். அதிலும் எட்டாவதை இரண்டு தடவை படித்தேன். அதனால் சந்தில் நானே பெரிய படிப்பாளி. பத்திரிகையில் இருப்பதைப் படித்துச் சொல்வேன். இல்லாததையும் சேர்த்துச் சொல்வேன்.

உலகச் சண்டைக் காலத்தில் ஒரு கோடையில், மீன் விற்கும் அஞ்சலையின் மகளுக்கு அம்மை கண்டது. அஞ்சலை வாசலில் வேப்பிலை செருகினாள். நகரசபை ஆட்கள் வேப்பிலையைப் பார்த்துத்தான் வீட்டைக் கண்டுபிடிக்கிறார்கள், பேரை எழுதுகிறார்கள், மறுநாள் வண்டி வந்து நோயாளியைத் தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். இதில் என் சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். ஆளைத் தூக்கிய பிறகு குடிசையைக் கொளுத்துவார்கள், இடத்தைத் துறைமுகத்துக்கு எடுத்துக்கொள்வார்கள் என்றேன். சந்து நடுங்கியது. உடனே யோசனையும் நானே சொன்னேன்: பதினாறு வாசலிலும் வேப்பிலை கட்டுவோம், எந்த வீடென்று எவனுக்குத் தெரியும்?

கட்டினோம். அன்று இரவு என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு தூங்கினேன்.

விடிந்ததும் தெரிந்தது என் புத்தியின் லட்சணம். வேப்பிலை கட்டிய வீட்டுக்கு அந்நியர் வரமாட்டார்கள். அந்த வீட்டார் நாலு பேர் கூடுகிற இடத்துக்குப் போகமாட்டார்கள். தெருக்குழாயில் எங்கள் பெண்களை அடுத்த தெருக்காரர்கள் அண்டவிடவில்லை. ரேஷன் கடை வரிசையில் என்னைக் கண்டதும் வரிசை நாலு அடி தள்ளி நின்றது. பால்காரர் சந்து முனையோடு திரும்பிவிட்டார். இதையெல்லாம் தாங்கியிருப்பேன். என் மனைவிக்கு அப்போது ஒன்பதாம் மாதம். எங்கள் முதல் குழந்தை, பிரசவம் பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் பிறந்த அன்றே போய்விட்டது. இந்தத் தடவை நகரசபைப் பிரசவத் தாதி வீட்டுக்கே வருவதாகச் சொல்லியிருந்தார். சந்து முழுக்க அம்மை என்று கேள்விப்பட்டு, வரமுடியாது என்று சொல்லியனுப்பிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு நாலு பிள்ளைத்தாய்ச்சியைத் தொடுகிற கை அது. அம்மை எங்கள் வீட்டில் இல்லை என்று ஓடிப்போய்ச் சொன்னேன். "வாசலில் இலை கட்டிவிட்டு என்னிடம் இல்லை என்றால் நம்புவேனா?" என்று கேட்டார். சந்தேகப்படுவது என் தொழில். அன்றுதான் அதை அடுத்தவர் கையால் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் தேவசகாயம் வந்தார். காக்கிப் பை, திருநெல்வேலிப் பேச்சு. எல்லா வாசலையும் ஒரு நடை பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஆத்தா ஒரே நாள்ல பதினாறு வீட்டுக்கும் வந்துட்டாளாக்கும்? எங்க நகரசபையவிட வேகமா இருக்காளே."

எது நிஜம் என்று கேட்பார், அஞ்சலையைக் காட்டிக்கொடுக்க வைப்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. "யாரையும் நீரு சொல்ல வேண்டாம். உம்ம வாசல்ல இருக்கிறத மட்டும் அவுத்துடும்" என்றார்.

அதில் என்ன சூது என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். மனைவியின் வயிற்றைப் பார்த்தேன். அவிழ்த்தேன். என்னைப் பார்த்து எதிர்வீடு அவிழ்த்தது. சாயங்காலத்துக்குள் பதினைந்து வாசல் வெறுமையானது. அஞ்சலை வாசலில் மட்டும் இலை ஆடிக்கொண்டிருந்தது. நான் யாரையும் சொல்லவில்லை, ஆனால் சொல்லிவிட்டேன்.

அஞ்சலை வந்து என் முன்னால் நின்றாள். "இன்னா நைனா, உன் பொண்டாட்டிக்கோசரம் என் பொண்ண வண்டில ஏத்திட்டியே" என்றாள். குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் வண்டி வந்தேவிட்டது. பதினைந்து வீட்டுக்காரர்களும் வண்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். அப்போது தேவசகாயம் சைக்கிளை வண்டி மாட்டுக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினார். வண்டிக்காரரிடம் ஒரு காகிதத்தை நீட்டி, இந்தப் பெண்ணைத் தனியாக வைக்க இடம் இருக்கிறது, பொறுப்பு என் பேரில் என்றார். வண்டிக்காரர் எங்கே இடம் என்று கேட்டார். கடலோரம் காலியாக நின்ற வலைக்கொட்டகையைத் தேவசகாயம் கையால் காட்டினார். கொட்டகைக்குச் சொந்தக்காரருக்கே அது அப்போதுதான் தெரியும். அவர் பாவம், தலையை ஆட்டிவைத்தார். வண்டி திரும்பியது.

அஞ்சலை மகளோடு கொட்டகையில் இருந்தாள். தேவசகாயம் தினமும் வந்து வாசலில் குரல் கொடுப்பார். தண்ணீர்க் குடமும் கஞ்சியும் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பார். சந்தில் மற்ற எல்லோருக்கும் அம்மைப்பால் வைத்தார். எட்டாம் நாள், அவர் பேச்சை நம்பித் தாதி எங்கள் வீட்டுப் படியேறினார். பெண் பிறந்தாள்; இருக்கிறாள்; இப்போது என்னை எதிர்த்துப் பேசுகிறாள். அஞ்சலையின் மகளும் பிழைத்தாள், முகத்தில் தழும்போடு. அஞ்சலை ஒரு வருஷம் எனக்கு மீன் விற்கவில்லை. அது நியாயம்தான்.

ஆனால் அந்த வண்டி என் மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது. பல மாதம் கழித்துக் காலடிப்பேட்டையில் ஒரு டீக்கடையில் வைத்து அவரிடம் கேட்டேவிட்டேன்: அஞ்சலை மகள் பேரை வண்டிக்கு எழுதினது யார்?

"நான்தான்" என்றார், டீயை ஆற்றிக்கொண்டே. "எழுதாம மறைச்சிருந்தா நாளைக்கு எம் பேச்ச அந்தத் தாதி நம்புவாளா? எழுதினதும் என் வேலை, திருப்பி அனுப்பினதும் என் வேலை." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நீரு சந்தேகப்படுறதுல தப்பே இல்ல. கதவச் சாத்திக்கிட்டுச் சந்தேகப்படாதீரும், அவ்வளவுதான்" என்றார்.

அவருடைய அடக்கத்தில் அஞ்சலையைப் பார்த்தேன். காசிமேட்டிலிருந்து கூடையோடு நேராக வந்திருந்தாள். "வண்டிக்கு எய்தினதே அவருதான்னு தெரியுமா?" என்று கேட்டேன். "அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டுத்தான் நைனா எய்தினாரு" என்றாள். அவளிடம் சொல்லிவிட்டு எழுதியிருக்கிறார். என்னிடம் மட்டும்தான் சொல்லவில்லை. என்னை அவர் சரியாகவே எடைபோட்டிருந்தார்.

இப்போது அவர் இடத்துக்கு ஒரு புது ஆள் வருகிறார். எனக்கு அவர்மேல் நம்பிக்கையில்லை. பையைத் திறந்து காட்டச் சொல்கிறேன், அம்மைப்பால் எப்போது வந்தது என்று கேட்கிறேன், பிறகு அவருக்கு முன்னால் நடந்து ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறேன். "இந்தாளை நம்பலாமா நைனா?" என்று கேட்கிறார்கள். தேவசகாயத்திடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அதற்கு நான் சொல்லும் பதில்தான்: "தெரியாது. அதனால்தான் பால் வைக்க நீட்டுகிற முதல் கை என்னுடையது."