ஏழாம் எண் கிணறு

எங்கள் தெரு பிரின்சி அக்கா கும்மிடிப்பூண்டியில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். வெளிநாட்டு அறிவியல் இதழ் ஒன்று ஆராய்ச்சிக் கட்டுரைகளை நிராகரித்தால், எழுதியவர்கள் மேல்முறையீடு செய்வார்கள். அவற்றை முதலில் படிப்பவள் அக்காதான். காரணம் சரியாக இருந்தால், நிராகரித்தவரை விட்டுவிட்டு அதே இதழின் வேறொரு ஆசிரியருக்கு அனுப்புவாள். அச்சில் வராத கட்டுரையைப் பற்றி வீட்டில்கூடப் பேசக்கூடாது. சேரும்போதே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். ஆறு வருடமாக அவள் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை.

போன மாதம் பூமிகா என்பவர் ஒரு மேல்முறையீடு அனுப்பியிருந்தார். தொழிற்சாலைகளுக்கு நடுவே உள்ள ஓர் ஊரின் கிணறுகளில் ஈயம் என்ற நச்சு உலோகம் கலந்திருப்பதாகக் கட்டுரை. ஊர்ப் பெயர் இல்லை. இவ்வளவு ஈயம் இருந்தால் மக்கள் எப்போதோ குடிப்பதை நிறுத்தியிருப்பார்கள், அளவு தப்பு என்று சொல்லி நிராகரித்திருந்தார்கள்.

அதற்கு பூமிகா எழுதிய பதில் இது: "குடிக்கிறார்கள். நிறமோ ருசியோ மாறவில்லை. ஏழாம் எண் கிணற்று வீட்டுக்காரர் என் எதிரிலேயே ஒரு சொம்பு குடித்தார். வெயிலில் வந்திருக்கிறேன் என்று எனக்கும் நீட்டினார்."

கீழே படம் இருந்தது. பழைய லாரிக் கதவை மூடியாகப் போட்ட கிணறு. பக்கத்துக் கொடியில் மஞ்சள் நைட்டி.

அது அக்காவின் நைட்டி.

மத்தியானம் இரண்டு மணி. தெருவுக்குப் பின்னால் ஓடும் மில்லின் இரைச்சல் சட்டென்று நின்றது போல இருந்ததாம். எழுந்து பின்பக்கம் போனாள். கிணற்றுச் சுவரில் நீல மையில் 7 என்று எழுதியிருந்தது. எவனோ பையன் கிறுக்கியது என்று ஒரு வருடமாக நினைத்திருந்தாள்.

ஷிப்டு முடிந்து வந்த அவள் அப்பா மோசஸ் தண்ணீர் சேந்திக் கொண்டிருந்தார்.

"இன்னா பிரின்சி, பேயப் பாத்த மாதிரி நிக்கிற?"

"குடிக்காத நைனா."

"இன்னாத்துக்கு? மீன் செத்துக் கெடக்குதா?"

"சொல்லக் கூடாது."

"பெரிய கலெக்டரு! கெணத்துத் தண்ணிக்கு ரகசியமாம்!" சிரித்துக்கொண்டே சொம்பைத் தூக்கினார்.

அக்கா அதைத் தட்டிவிட்டாள். தண்ணீர் அவர் சட்டையெல்லாம் கொட்டியது. அவர் திட்டவில்லை. கீழே விழுந்த சொம்பை எடுத்துக் கிணற்றுச் சுவரில் கவிழ்த்து வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், "எவ்ளோ நாளா?"

"தெரியல நைனா. இதுல ஈயம் கீது."

உள்ளே வந்து விலகல் படிவத்தைத் திறந்தாள். கட்டுரையோடு சம்பந்தம் உள்ளவர் அதைக் கையாளக் கூடாது. என்ன சம்பந்தம் என்ற கட்டத்தில் எழுதினாள்: "ஏழாம் எண் எங்கள் கிணறு. படத்தில் காய்வது என் துணி. அளவு தப்பா என்று எனக்குத் தெரியாது. குடிக்கிறோம் என்பது உண்மை. அப்பாவிடம் சொல்லிவிட்டேன். விதியை மீறியது நான்தான்."

பத்து நிமிடத்தில் அந்தக் கோப்பு அவள் திரையிலிருந்து மறைந்தது. உடன் வேலை செய்யும் விமல் போன் செய்தான். "கோப்பு எங்கிட்ட வந்துச்சு. வேற ஆசிரியருக்கு அனுப்பிட்டேன். ஆனா உன் வேலை நிலைக்குமான்னு தெரியல. இனிமே யார்கிட்டயும் வாயத் தெறக்காத பிரின்சி."

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் வாளி விழும் சத்தம் கேட்டது. அது எங்கள் வீட்டுக் கிணறு. சேந்தியது என் அம்மா.

அக்கா போனை மேசையில் வைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள்.